தொடாமல் அளந்த கதை

ஒரு பனைமரத்தின் உயரத்தை அறிய அதன்மேல் ஏற வேண்டுவதில்லை. வெயிலில் ஒரு கோலை நட்டு, கோலின் நிழலையும் மரத்தின் நிழலையும் அளந்துவிட்டால் போதும். எஞ்சியது பள்ளிப் பிள்ளைகள் போடும் விகிதக் கணக்கு. மரம் இருந்த இடத்தில் இருக்கிறது. அளப்பவன் தரையில் நிற்கிறான். இருவருக்கும் இடையே நிழல் ஒன்றே தூது போகிறது.

உயர்ந்த அழுத்தமுடைய மின்சாரத்தை அளக்கும் கலை முழுவதும் இந்தப் பனைமரக் கணக்கில் அடங்கியிருக்கிறது என்று நான் சொன்னால் மாணவ நண்பர்கள் வியப்படையக்கூடும். ஆனால் இந்தக் கணக்கை மின்சாரத்திற்குப் பொருத்தக் கற்றுக்கொள்ள மனிதனுக்குப் பல தலைமுறைகள் பிடித்தன. ஒரு நல்ல விஞ்ஞானியின் உயிரும் அதற்கு விலையாயிற்று. அந்த வரலாற்றையே இங்கே சொல்ல விரும்புகிறேன். கணிப்பொறியோடு இணைந்த சிறு அளவைக் கருவிகள் கல்லூரி மேசைகளுக்கே வந்துவிட்ட இந்நாளில், இது வெறும் பழங்கதை அன்று.

தொடங்குமுன் ஓர் உண்மையை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். மின்னழுத்தம் என்பது ஓர் இடத்திற்கு மட்டும் உரிய பண்பு அன்று. இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு அது. மலையின் உயரம் என்றால் கடல் மட்டத்திலிருந்து உயரம் என்று பொருள்படுவது போல, ஒரு கம்பியின் அழுத்தம் என்றால் நிலத்தைக் காட்டிலும், அல்லது வேறொரு கம்பியைக் காட்டிலும், எவ்வளவு என்பதே கேள்வி. ஆகவே அழுத்தத்தை அளக்க எப்போதும் இரண்டு கம்பிகள் வேண்டும். முதற்கம்பிக்கு, அதாவது உயர் அழுத்தம் குடிகொண்ட கம்பிக்கு, எல்லாரும் அஞ்சுகிறார்கள். இரண்டாவது கம்பி எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. நான் சொல்லப்போகும் கதையில் உயிரைப் பறித்ததும் அந்த இரண்டாவது கம்பி இல்லாத குறையே. உயிரைக் காத்து நிற்பதும் அந்த இரண்டாவது கம்பியே.

கதை வானத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், மேகத்தில் இருப்பதும் கண்ணாடிக் குழாயைத் தேய்த்தால் எழும் மின்சாரமும் ஒன்றே என்று கருதினார். அதை மெய்ப்பிக்க 1750ஆம் ஆண்டில் ஒரு சோதனையை எழுதி முன்வைத்தார். உயரமான இடத்தில் காவற்கூண்டு ஒன்று அமைத்து, அதிலிருந்து ஓர் இரும்புக் கோலை வானை நோக்கி நிறுத்த வேண்டும். கோலை நிலத்தோடு சேராமல் காப்பிட்டு வைக்க வேண்டும். மேகம் கடக்கும்போது கோலிலிருந்து பொறி கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே அவர் ஒரு நுட்பமும் சேர்த்தார். ஆபத்து நேருமென்று அஞ்சினால், கூண்டினுள் நிற்பவன் தானே பொறியை ஏற்க வேண்டுவதில்லை. நிலத்தோடு இணைத்த ஒரு கம்பியை மெழுகுக் கைப்பிடியால் பிடித்துக்கொண்டு, அந்தக் கம்பியையே கோலருகே நீட்ட வேண்டும். பொறி கோலிலிருந்து கம்பிக்குப் பாயும். கம்பி வழியே நிலத்திற்குப் போய்விடும். மனிதன் அதன் வழியில் இல்லை.

1752ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் பிரான்சு நாட்டில் மார்லி என்னும் சிற்றூரில் இந்தச் சோதனை நடந்தது. ஏற்பாடு செய்தவர் தாலிபார் என்னும் அறிஞர். சுமார் 40 அடி உயரமுள்ள இரும்புக் கோல்; அதன் அடியில் காப்பிற்காக மதுப்புட்டிகள். இடி முழங்கிய வேளையில் தாலிபார் ஊரில் இல்லை. அவர் காவல் வைத்திருந்த கொய்ஃபியே என்னும் பழைய படைவீரர், கண்ணாடிப் புட்டியில் செருகிய பித்தளைக் கம்பியைக் கோலருகே நீட்டினார், பொறி பறந்தது. வானத்து மின்சாரத்தை மனிதன் முதன்முதலில் சோதித்தறிந்த அந்தக் கணத்தில், காப்புக் கைப்பிடி ஒன்று மனிதனுக்கும் மின்சாரத்திற்கும் நடுவே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் உண்டு என்று அறிந்தாயிற்று. அடுத்த கேள்வி எவ்வளவு என்பது. உண்டா இல்லையா என்று கேட்பது ஆர்வம். எவ்வளவு என்று கேட்பது விஞ்ஞானம். அந்தக் கேள்வியை ருஷிய நாட்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராக இருந்த கியோர்க் வில்ஹெல்ம் ரிஹ்மன் கேட்டார். மின்சாரத்தை அளவு முறையில் ஆராய முற்பட்ட முன்னோடிகளில் அவர் ஒருவர். அவர் செய்த கருவி மிக எளியது. நிமிர்ந்து நிற்கும் உலோகக் கோல் ஒன்று. அதன் பக்கத்தில் ஒரு நூல் தொங்கும். கோலில் மின்னேற்றம் ஏறினால் நூல் விலகி நிற்கும். எத்தனை பாகை விலகியது என்று பின்னால் உள்ள வளைந்த அளவுகோலில் படிக்கலாம். வீட்டுக் கூரையில் இரும்புக் கோல் நாட்டி, அதிலிருந்து கம்பியை வீட்டிற்குள் இழுத்துக் கருவியோடு சேர்த்திருந்தார்.

1753ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், அக்கால ருஷிய நாட்காட்டிப்படி ஜூலை 26ஆம் நாள், கழகத்துக் கூட்டத்தில் இருந்த ரிஹ்மன் இடியோசை கேட்டு வீட்டிற்கு விரைந்தார். கழகத்துச் செதுக்கோவியர் சோகொலோவ் என்பவரும் உடன் சென்றார். நூல் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க ரிஹ்மன் கருவியை நெருங்கினார். அவர் தலைக்கும் கோலுக்கும் ஓரடி தொலைவுதான் இருந்தது. கோலிலிருந்து வெளிறிய நீலநிறத் தீயுருண்டை ஒன்று அவர் நெற்றியில் பாய்ந்ததைச் சோகொலோவ் கண்டார். அடுத்த கணம் அவரும் தரையில் விழுந்தார். எழுந்து பார்த்தபோது ரிஹ்மன் உயிரோடில்லை. நெற்றியில் ஒரு சிவந்த வடு இருந்தது, காலணி கிழிந்திருந்தது.

நெற்றியில் வடு, காலணியில் கிழிசல் — இந்த இரண்டு அடையாளங்களையும் இணைத்துப் பாருங்கள். மின்சாரம் சென்ற வழி அங்கே எழுதப்பட்டிருக்கிறது. நூல் விலக வேண்டுமானால் கோலில் மின்னேற்றம் தங்க வேண்டும். தங்க வேண்டுமானால் கோல் நிலத்தோடு சேராதிருக்க வேண்டும். அதனால் ரிஹ்மனின் கருவிக்கு முதற்கம்பி மட்டும் இருந்தது. மின்னல் நிலத்திற்குச் செல்ல இரண்டாவது கம்பி இல்லை. வானத்திற்கும் நிலத்திற்கும் இடையே நின்ற மிக எளிய வழி அளவுகோலைப் படிக்க வந்த மனிதராகவே இருந்தார். மதிப்பைப் படிப்பதற்கே அவர் கருவியின் அருகே வரவேண்டியிருந்தது. அதுவே அவர் உயிருக்கு முடிவாயிற்று.

ருஷிய நாட்டின் பெரும்புலவரும் விஞ்ஞானியுமான மிகயீல் லொமனோசோவ் ரிஹ்மனின் நண்பர். அதே நாளில் தம் வீட்டில் அதே போன்ற கோலை நாட்டி அதே புயலை அவரும் ஆராய்ந்து கொண்டிருந்தார். துயரச் செய்தி எட்டியதும் அவர் ஒரு பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். இறந்தவரின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் உதவித்தொகை கிடைக்க வேண்டும் என்று அதில் வேண்டினார். இந்தச் சாவை விஞ்ஞானத்திற்கு எதிராக எவரும் திருப்பிவிடக் கூடாது என்றும் வேண்டினார். இரண்டாவது வேண்டுகோள் நிறைவேற ஒரே வழிதான் உண்டு. அளப்பதை நிறுத்துவது அன்று அவ்வழி. அளக்கும் முறையைத் திருத்துவதே.

திருத்தம் மெல்ல மெல்ல வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் இத்துறையில் பெரும்பணி செய்தார். எதிரெதிரே நிற்கும் இரண்டு உலோகத் தட்டுகளுக்கு இடையே மின்னழுத்தம் இருந்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும். அந்த இழுப்பைத் தராசில் நிறுப்பது போல அளந்து, அழுத்தம் இவ்வளவு என்று கணக்கிடலாம். 1867ஆம் ஆண்டில் அவர் இவ்வகைக் கருவிகளைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை அளித்தார். இம்முறையின் சிறப்பு, தட்டுகளுக்கு நடுவே காற்று இருப்பதால் அளக்கப்படும் கம்பியிலிருந்து மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமே எடுக்கப்படுவதில்லை என்பது.

மற்றொரு சிறப்பும் உண்டு. இழுப்பு விசை அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது. எதிர்க்குறி உடைய எண்ணையும் இருமடியாக்கினால் நேர்க்குறியே கிடைக்கும் அன்றோ? ஆகவே நொடிக்கு நூறு முறை திசைமாறும் மின்சாரத்தையும் இக்கருவி தவறாமல் காட்டும். நம் வீட்டு மின்சாரம் அத்தகையது. அது நொடிக்கு 50 சுற்றுகள் சுற்றிவருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நேர்த்திசையிலும் ஒருமுறை எதிர்த்திசையிலும் உச்சத்தைத் தொடுகிறது. 230 வோல்ட் என்று நாம் சொல்வது அதன் பயனுறு மதிப்பு. அதாவது அதே அளவு வெப்பம் தரக்கூடிய நேர்மின்சாரத்தின் மதிப்பு. உச்சத்திலோ அது சுமார் 325 வோல்ட்டை எட்டுகிறது. கருவியைத் தாக்குவது பயனுறு மதிப்பு அன்று, உச்ச மதிப்பே. இந்த 325 என்ற எண் பின்னர் நமக்குப் பயன்படும்.

இதற்கிடையே மனிதன் தானே மின்னலுக்கு நிகரான அழுத்தங்களைப் படைக்கத் தொடங்கினான். அதற்குக் காரணம் தொலைவு. ஒரே அளவு மின்திறனை அனுப்பும்போது அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும். கம்பியில் வெப்பமாக வீணாவது நூற்றில் ஒன்றாகும். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்ட மின்தூண்டலை அடிப்படையாகக் கொண்ட மின்மாற்றி, 1880களில் நடைமுறைக்கு வந்து இதை எளிதாக்கியது. 1891ஆம் ஆண்டில் ஜெர்மனியில் லாவ்ஃபென் என்ற ஊரில் நெக்கார் ஆற்று நீரால் உண்டாக்கிய மின்சாரத்தை 175 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிராங்க்பர்ட் நகரக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். கம்பியில் சுமார் 15 ஆயிரம் வோல்ட் அழுத்தம். கண்காட்சியில் ஆயிரம் விளக்குகள் எரிந்தன. அதே மின்சாரத்தால் இயங்கிய செயற்கை அருவி ஒன்றும் கொட்டியது. ஆற்றின் நீர்வீழ்ச்சி கம்பி வழியே வந்து நகரத்தில் மீண்டும் அருவியாய் விழுந்ததைக் கண்ட மக்கள் எப்படி வியந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் கம்பியை நாள்தோறும் அளப்பது எப்படி? விடை அதே மின்மாற்றியில் இருந்தது. அழுத்தத்தை ஏற்றத் தெரிந்த கருவிக்கு இறக்கவும் தெரியும். ஒரு சுருளில் 100 சுற்றுக்கு மற்றச் சுருளில் 1 சுற்று என்று அமைத்தால் 11 ஆயிரம் வோல்ட் 110 வோல்ட்டாக இறங்கும். அளவைக் கருவி அந்த 110 வோல்ட்டைப் படித்தால் போதும். நூறால் பெருக்கினால் உண்மை மதிப்பு கிடைக்கும். இதுவே அளவை மின்மாற்றி. நான் முதலில் சொன்ன பனைமர நிழல் இதுதான்.

இதில் விகிதத்தைக் காட்டிலும் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. மின்மாற்றியின் இரண்டு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை. இரும்பு உள்ளகத்தில் எழும் காந்தப்புலம் மட்டுமே செய்தியைச் சுமந்து செல்கிறது. இவ்வாறு செய்தி கடக்கலாம், மின்சாரம் கடக்கலாகாது என்று அமைப்பதற்குத் தனிமைப்படுத்தல் என்று பெயர். இச்சொல்லை மறவாதீர்கள்.

எனினும் காப்பு ஒருநாள் பழுதடையக்கூடும். அன்று மேற்சுருளின் 11 ஆயிரம் வோல்ட் கீழ்ச்சுருளுக்குத் தாவினால் கருவியருகே நிற்பவரின் கதி என்ன? காப்பு நன்றாக இருக்கும்போதுங்கூட, இரு சுருள்களும் ஒரு மின்தேக்கியின் தட்டுகள் போல அருகருகே இருப்பதால், நிலத்தோடு சேராத கீழ்ச்சுருள் தன்னளவில் உயர்ந்த அழுத்தத்திற்கு மிதந்து போகலாம். இதனால்தான் அளவை மின்மாற்றியின் கீழ்ச்சுருளில் ஒரு முனையைக் கட்டாயம் நிலத்தோடு இணைக்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. காப்பு உடைந்தாலும் மின்சாரம் அக்கம்பி வழியே நிலத்திற்குச் செல்லும், மேற்பக்கத்து உருகி எரிந்துபோகும், மனிதன் பிழைப்பான். ரிஹ்மனின் வீட்டில் இல்லாதிருந்த இரண்டாவது கம்பி இப்போது விதியாகவே எழுதப்பட்டுவிட்டது.

அழுத்தம் இலட்சக்கணக்கில் உயர்ந்தபோது மின்மாற்றிகள் பருத்துப்போயின; வேறு வழிகள் தேவைப்பட்டன. மெருகிட்ட இரண்டு உலோகக் கோளங்களை எதிரெதிரே வைத்து, எந்த இடைவெளியில் பொறி தாவுகிறது என்று பார்ப்பது ஒரு வழி. காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்டச் சுமார் 30 ஆயிரம் வோல்ட் உச்ச அழுத்தம் வேண்டும். காற்றே இங்கு அளவுகோல். ஆனால் இது மரத்தை வெட்டி அளப்பது போன்றது; பொறி பாய்ந்ததும் அளக்கப்பட்ட அழுத்தம் சரிந்துவிடும். ஆகவே கோளங்கள் மற்றக் கருவிகளைச் சரிபார்க்கும் நடுவர்களாயினவே தவிர, நாளும் அளக்கப் பயன்படவில்லை.

1913ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர்கள் சப், ஃபார்ட்டெஸ்க்யூ ஆகிய இருவரும் அழகிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். உயர் அழுத்தக் கம்பியிலிருந்து ஒரு மின்தேக்கியைத் தொங்கவிட்டு, அதன் கீழ்முனையை நிலத்தோடு சேர்க்கும் வழியில் ஒரு மின்னோட்டமானியை வைத்தார்கள். ஒருதிசை ஓட்டம் மட்டும் மானி வழியே போகும்படி அமைத்தார்கள். மின்தேக்கியின் கொள்ளளவும், நொடிக்கு எத்தனை சுற்று என்பதும் தெரிந்தால், மானி காட்டும் ஓட்டத்திலிருந்து உச்ச அழுத்தத்தைக் கணக்கிடலாம். ஓர் எடுத்துக்காட்டு: 100 பிக்கோஃபாரட் மின்தேக்கி, 50 சுற்று, ஓர் இலட்சம் வோல்ட் பயனுறு மதிப்பு. உச்ச மதிப்பு சுமார் 1,41,000 வோல்ட். மானியில் ஓடுவதோ சராசரியாக 1.4 மில்லியாம்பியர் மட்டுமே. ஓர் இலட்சம் வோல்ட் தலைமேல் நிற்க, அளப்பவர் முன்னால் நூலிழை போன்ற ஓட்டம் ஒன்று நிலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்றைய பெரிய துணைமின் நிலையங்களில் உயரமான பீங்கான் தூண்கள் போல நிற்பவற்றுள் பல, மின்தேக்கிகளை வரிசையாக அடுக்கி அழுத்தத்தைப் பங்கிடும் கருவிகளே. அடுக்கின் அடிப்பகுதியிலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்து, சிறிய மின்மாற்றி ஒன்றால் மேலும் இறக்கி அளக்கிறார்கள். பங்கீட்டு முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. கீழே இருக்கும் உறுப்பு அறுந்துவிட்டால் பங்கு என்பதே இல்லாமல் போய், மேலுள்ள அழுத்தம் முழுவதும் அளப்பவரின் முனைக்கு வந்து நிற்கும். அதனால் கீழுறுப்போடு இணையாக ஒரு சிறு பொறியிடைவெளியைக் காவலாக வைப்பது மரபு. உறுப்பு அறுந்தால் பொறி பாய்ந்து நிலத்திற்கு வழி திறக்கும்.

அளவு மட்டுமன்றி அழுத்தத்தின் அலைவடிவையும் காண வேண்டும் என்ற ஆசை அடுத்து எழுந்தது. 1893இல் பிரெஞ்சு அறிஞர் பிளோந்தெல் அலைவரைவியை அமைத்தார். 1897இல் ஜெர்மானிய அறிஞர் பிரவுன் எதிர்மின் கதிர்க் குழாயை அமைத்தார். அதிலிருந்து வளர்ந்த ஆசிலோஸ்கோப் என்னும் அலைகாட்டி இன்று ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு. இங்கே மீண்டும் இரண்டாவது கம்பி குறுக்கிடுகிறது. அலைகாட்டியின் அளவைக்கோலில் கூர்முனை ஒன்றும் சிறு கவ்வி ஒன்றும் இருக்கும். பொதுவான அலைகாட்டிகளில் அந்தக் கவ்வி, கருவியின் உடல் வழியாகவும் செருகியின் பெரிய முள் வழியாகவும், நிலத்தோடு சேர்ந்திருக்கிறது. கவ்வியை அறியாமல் மின்கம்பியில் மாட்டினால் அக்கணமே குறுக்கிணைப்பு உண்டாகும்.

நான் ஓர் ஆய்வகத்தில் கண்ட காட்சியை இவ்விடத்தில் சொல்வது பொருந்தும். அங்கிருந்த அலைகாட்டியின் மூன்று முள் செருகியில் பெரிய முள்ளை யாரோ வெட்டியிருந்தார்கள். "உருகி அடிக்கடி போயிற்று, வெட்டியபின் போவதில்லை" என்று அங்கிருந்தவர் விளக்கினார். உருகி போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் இப்போது கவ்வியை மின்கம்பியில் மாட்டினால் கருவியின் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். திருகைத் திருப்ப வருபவரின் கையே நிலத்திற்கு வழியாகும். இரண்டாவது கம்பியை அறுத்தவர், ரிஹ்மனின் அறையை மீண்டும் கட்டியவராகிறார். நல்வேளையாக அங்கே எவருக்கும் தீங்கு நேரவில்லை. அன்றே செருகியை மாற்றினார்கள்.

இனி நம் காலத்திற்கு வருவோம். தரவு சேகரிப்புக் கருவி என்று ஒரு சிறு பெட்டி கணிப்பொறியோடு இணைகிறது. தன் முனையிலுள்ள அழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை பார்த்து, ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணாக எழுதி, கணிப்பொறிக்கு அனுப்புவது அதன் வேலை. பெரும்பாலான பெட்டிகள் 10 வோல்ட் முதல் எதிர்த்திசையில் 10 வோல்ட் வரை மட்டுமே படிக்கும். நம் வீட்டு மின்சாரத்தின் உச்சமோ 325 வோல்ட். நேரே இணைத்தால் பெட்டி அழியும் என்பது வெளிப்படை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. இங்கே காலை விட்டு ஆழம் பார்க்கவே கூடாது.

"அப்படியானால் இரண்டு மின்தடைகளை வைத்து நூற்றில் ஒரு பங்காக்கிக்கொள்கிறேன், 325 வோல்ட் 3.25 வோல்ட்டாகிவிடும்" என்று ஒரு மாணவர் சொல்லலாம். கணக்கு சரி, காப்பு போதாது. முதலாவதாக, கீழ்மின்தடை அறுந்தால் முழு அழுத்தமும் பெட்டியை நோக்கி வரும். இரண்டாவதாக, மின்தடைகள் அழுத்தத்தைப் பங்கிடுகின்றனவே தவிர, தனிமைப்படுத்துவதில்லை. பெட்டியின் பொதுமுனை கணிப்பொறியின் உடலோடும், அதன் வழியே நிலத்தோடும் சேர்ந்திருப்பது வழக்கம். செருகியைத் தலைமாற்றிப் பொருத்திவிட்டால் அந்தப் பொதுமுனையே மின்கம்பியோடு சேர்ந்துவிடும். மூன்றாவதாக, மின்கம்பியில் 230 வோல்ட் மட்டும் வருவதில்லை. எங்கோ மின்னல் விழுந்தாலும், பெரிய மோட்டார் நின்றாலும், ஆயிரக்கணக்கான வோல்ட் கொண்ட திடீர் எழுச்சிகள் நொடியின் சிறு துளி நேரம் வந்து போகும். இதனால்தான் அளவைக் கருவிகளை இரண்டு, மூன்று, நான்கு என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். சுவர்ச் செருகியில் இணைப்பவை இரண்டாம் வகை. கட்டடத்தின் மின்பகிர்வுப் பலகையில் இணைப்பவை மூன்றாம் வகை. தெருவிலிருந்து மின்சாரம் நுழையும் இடத்தில் இணைப்பவை நான்காம் வகை. 600 வோல்ட், மூன்றாம் வகை என்று பொறித்த கருவி 6,000 வோல்ட் எழுச்சியைத் தாங்கிக் காட்டியிருக்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து வகையைப் பாராமல் கருவி வாங்குவது, வாளின் நீளத்தைப் பார்த்துப் பிடியைப் பாராதது போலாகும்.

ஆகவே நல்ல முறையில் மூன்று படிகள் உண்டு. முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். அடுத்துத் தனிமைப்படுத்த வேண்டும். அதன்பின்பே எண்ணாக்க வேண்டும். சிறிய அளவை மின்மாற்றி முதல் இரண்டையும் ஒருசேரச் செய்யும். தனிமைப்படுத்தும் பெருக்கிகளும் உண்டு. அவற்றுள் சிலவற்றில் ஒரு பக்கம் நுண்விளக்கு ஒளிர்கிறது. மறுபக்கம் ஒளியுணர் உறுப்பு அதைப் பார்க்கிறது. நடுவே ஒளிபுகும் காப்புப் பொருள். செய்தி ஒளியாகக் கடக்கிறது, மின்சாரம் கடப்பதில்லை.

எண்ணாக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். திசைமாறும் மின்சாரத்திற்கு இது பொருந்தாது. நொடிக்கு 50 சுற்று வரும் அலையை நொடிக்குச் சரியாக 50 முறை மட்டும் பார்த்தால், ஒவ்வொரு முறையும் அலையின் அதே இடத்தையே பார்ப்போம். உச்சத்தில் பார்த்தால் 325 என்றும், கடக்கும் இடத்தில் பார்த்தால் சுழியம் என்றும் கணிப்பொறி சொல்லும். உயிர்போக்கும் கம்பி உயிரற்றதாகத் தோன்றும். அலையிலுள்ள மிக விரைவான அசைவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விரைவாகப் பார்க்க வேண்டும் என்று நைக்விஸ்ட் 1928இலும் ஷானன் 1949இலும் வெளியிட்ட ஆய்வுகள் நமக்குக் காட்டின. நடைமுறையில் அதைவிட மிகுதியாகவே பார்க்கிறார்கள். இக்காலத் துணைமின் நிலையங்களில் ஒரு சுற்றுக்கு 80 முறை, அதாவது நொடிக்கு 4,000 முறை, அழுத்தத்தை எண்ணாக்கிக் கண்ணாடி இழை வழியே கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் முறை வழக்கில் உள்ளது.

கண்ணாடி இழை என்றேன். பயணத்தின் கடைசிப்படி அதுதான். 1893இல் பிரீட்ரிஹ் போக்கல்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், சில படிகங்களை மின்புலத்தில் வைத்தால் அவற்றினூடே செல்லும் ஒளியின் அதிர்வுத்தன்மை மாறுகிறது என்பதை ஆராய்ந்து விளக்கினார். உயர் அழுத்தக் கம்பியருகே அத்தகைய படிகத்தை நிறுத்தி, கீழிருந்து ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியில் நேர்ந்த மாற்றத்தைப் படித்து அழுத்தத்தைக் கணக்கிடும் கருவிகள் இன்று உள்ளன. அங்கே அளப்பவருக்கும் உயர் அழுத்தத்திற்கும் இடையே செம்புக் கம்பி ஒன்றுகூட இல்லை. மார்லி ஊரில் கண்ணாடிப் புட்டியைப் பிடித்து நின்ற பழைய வீரர் இதைக் கண்டால், தம் கைப்பிடி எவ்வளவு நீண்டுவிட்டது என்று வியப்பார்.

மாணவ நண்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நீங்கள் எடுத்துச்செல்ல வேண்டியவை சிலவே. எதையும் இணைக்குமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். நிறுத்தியபின்னும் மின்தேக்கிகள் மின்னேற்றத்தைச் சுமந்திருக்கும். ஆதலால் உரிய காப்புக் கோலால் அவற்றை நிலத்தோடு சேர்த்த பின்னரே கை வையுங்கள். இணைப்புகள் முடிந்தபின் தொலைவில் நின்று மின்சாரத்தைத் திறந்து, மதிப்பைக் கணிப்பொறித் திரையில் படியுங்கள். கூடவே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒவ்வொரு முறையும் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: ஏதேனும் ஓர் உறுப்பு இப்போது பழுதடைந்தால், மின்சாரம் எந்த வழியாக நிலத்திற்குப் போகும்? அந்த வழி ஒரு கம்பியாக இருந்தால் அளக்கத் தொடங்குங்கள். அந்த வழி நீங்களாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

ரிஹ்மனின் சாவு விஞ்ஞானத்திற்கு எதிராகத் திரும்பலாகாது என்று லொமனோசோவ் விரும்பினார். அவருடைய விருப்பம் நிறைவேறிவிட்டது. ஆனால் அது ஒருமுறை நிறைவேறி முடிந்துபோகும் விருப்பம் அன்று. ஓர் ஆய்வகத்தில் ஒரு மாணவர், இணைப்பு முழுவதையும் இருமுறை சரிபார்த்துவிட்டு விசையைத் தொடும் ஒவ்வொரு நாளும் அது புதிதாக நிறைவேறுகிறது.